ருசால்காவுக்கு மீன்வால் கிடையாது: ஸ்லாவிய ஓவியங்களைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்ய ஓவியர் இவான் கிராம்ஸ்கோய் 1871இல் வரைந்த ‘ருசால்காக்கள்’ ஓவியம் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. தலைப்பைக் கேட்டவுடனே ‘கடற்கன்னிகள்’ என்று தமிழாக்கிவிடத் தோன்றும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் படத்தில் கடலும் இல்லை, மீன்வாலும் இல்லை. நிலவொளி படிந்த நீர்க்கரையில் வெளிறிய நீண்ட சட்டை அணிந்த இளம்பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். எழுத்தாளர் கோகலின் கதையொன்று தந்த தூண்டுதலில் பிறந்த காட்சி அது.

ரஷ்யர், போலந்தியர் போன்ற ஸ்லாவிய மக்களின் நாட்டார் நம்பிக்கையில் ருசால்கா பெரும்பாலும் நீரில் மூழ்கியோ அகாலமாகவோ இறந்துபோன பெண். கூந்தலை அவிழ்த்துப் போட்டிருப்பாள். பின்னல் போடாமல் ஊருக்குள் நடமாடாத பெண்களிடையே அதுவே அவளை அடையாளம் காட்டிவிடும். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டிய ‘ருசால்கா வார’த்தில் அவள் நீரைவிட்டு வெளியேறி, ரை (rye) தானிய வயல்களில் ஓடுவாள், பிர்ச் மரக்கிளைகளில் ஊஞ்சலாடுவாள். அதற்குக் கால்கள் வேண்டுமல்லவா? இன்றைய ரஷ்ய மொழியில் மீன்வால் கன்னிக்கும் இதே சொல்லே வழங்குவதால்தான் குழப்பம். தமிழில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘நீரணங்கு’ என்பேன். அழகும் அச்சமும் ஒருங்கே தொனிக்கும் அணங்கு என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது கடற்கன்னியை ஏன் கூப்பிட வேண்டும்?

அடுத்தது லேஷி, காட்டின் காவலன். இப்போது வரைபவர்கள் பலர் மான் மண்டையோட்டையும் கிளைக்கொம்புகளையும் அவன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். கிராமத்தார் சொன்ன லேஷி பல சமயம் சாதாரணக் குடியானவன் போலவே இருப்பான். மேலங்கியை இடவலம் மாற்றி மடித்திருப்பான், செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பான். காட்டுக்குள் மரத்தளவு உயர்வான், வெளியே வந்தால் புல்லளவு சிறுப்பான். வழி தவறியவர்கள் தங்கள் உடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டதும் அவன் வழக்கத்தை ஒட்டித்தான். அவனைப் பேய் என்று ஒதுக்குவதும் சரியல்ல. கால்நடைகளைக் காத்துத் தரும்படி வட ரஷ்ய மேய்ப்பர்கள் அவனோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

ஸ்லாவிய உலகம் என்றால் ரஷ்யா மட்டும் என்று நினைத்துவிடவும் கூடாது. போலந்தின் வித்தோல்த் புருஷ்கோவ்ஸ்கி 1877இல் ருசால்காக்களை வரைந்தார். யாத்செக் மால்செவ்ஸ்கி 1888இல் ஒரு தொடராகவே வரைந்தார்.

கடைசியாக, தலைப்பை மட்டும் நம்பிவிடுவது. ரஷ்ய ஓவியர் மிகயில் விரூபெல் 1899இல் வரைந்த படத்தின் பெயர் ‘பான்’. ஆட்டுக்கால், கையில் குழல் என்று கிரேக்கத் தெய்வத்தின் அடையாளங்கள் இருக்கின்றன. ஆனால் பின்னால் பாருங்கள்: பிர்ச் மரங்கள், ஈரம் தேங்கிய சமவெளி, அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து சிவந்த பிறை. அது ரஷ்யாவின் பிரியான்ஸ்க் பகுதியின் அந்தி. சுருக்கம் விழுந்த முகத்தில், அந்த நிலத்து நீரின் வெளிர்நீலத்தையே வாங்கிக்கொண்ட இரண்டு கண்கள். பெயர் கிரேக்கம், நம்மைப் பார்ப்பவன் லேஷி.