யன்னலோர நாற்றை மொட்டைமாடிக்குப் பழக்குவது

கொழும்பில், கடலோர வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. யோகட் கோப்பைகளில் மிளகாய் விதை போட்டு, பொலித்தீனால் மூடி, குசினி யன்னலோரம் வைப்பேன். நாலைந்து இலை விட்டதும் மொட்டைமாடிக்கு. முதல் தடவை அங்கேதான் கோட்டை விட்டேன். காலையில் 12 கன்றுகளை நேரே வெயிலில் வைத்தேன். பின்னேரம் இலையெல்லாம் வெளுத்த கடதாசி மாதிரி. நிழலில் வளர்ந்த இலைக்குத் தோல் மெல்லிசு.

இப்போது 10 நாள் எடுக்கிறேன். முதல் 3 நாள் பொலித்தீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன். அப்புறம் 2 நாள், மேலே தண்ணீர்த் தாங்கியின் நிழலில். பிறகு காலை வெயில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, இப்படியே கூட்டுங்கள். எட்டாம் நாள் வரை பத்து மணிக்குப் பிந்திய வெயில் வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும்; அப்போது இன்னும் இரண்டு நாள் கூட்டினாலும் சரிதான்.

வெயிலைவிட எனக்குக் கடற்காற்றுக்குத்தான் பயம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் உப்பும் சேர்ந்து வரும். கடல் பக்கமாக ஒரு பழைய சாக்கைக் கட்டுங்கள். காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் யோகட் கோப்பை சீக்கிரம் காயும். தூக்கிப் பாருங்கள், பாரமில்லை என்றால் உடனே ஊற்றுங்கள்.