அம்மம்மாவின் செபப் புத்தகத்தை வீட்டிலேயே செப்பனிடுவது எப்படி?

சென்ற ஒக்டோபர், செபமாலை மாதத்தின் இரண்டாவது கிழமை. மாதாவைப் பல பெயர்களால் அழைத்து மன்றாடும் தேவமாதா பிரார்த்தனையைத் தொடங்க அம்மா புத்தகத்தை விரித்தபோது பக்கம் கையோடு வந்துவிட்டது. "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்ற வரிக்குக் குறுக்கே கிழிசல். அந்த வரியின் ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை உண்டு. அம்மப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அம்மம்மா அங்கேயே விரலை வைத்துச் செபித்ததால் படிந்த கறை அது.

புதுப் புத்தகம் வாங்கிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். புதியவற்றில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று இருக்கும். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இன்னும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் சொல்கிறோம். அந்தத் தமிழோடுதான் எங்களுக்கு மாதாவைத் தெரியும்.

கட்டக் கொடுக்கவும் மனம் வரவில்லை. முன்பு ஒரு கடையில் அம்மாவின் வணக்கமாதப் புத்தகத்தைக் கொடுத்தேன். மூன்று ஓரங்களையும் இயந்திரத்தில் வெட்டிப் பளபளக்கும் அட்டை போட்டுத் தந்தார்கள். பிள்ளைகளின் ஞானஸ்நான நாட்களை அம்மம்மா பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். அத்தனையும் வெட்டோடு போயின. அதனால் இந்த முறை நானே செய்தேன். செய்தது இதுதான்.

முதலில், உள்ளே இருப்பவற்றை எடுங்கள். எங்கள் வீட்டுப் புத்தகங்களில் பக்கங்களைவிட இடையில் சொருகியவை அதிகம்: சுரூபப் படங்கள், இறந்தவர்களின் 31ஆம் நாள் நினைவு அட்டைகள், குருத்தோலைச் சிலுவை, மடு மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த காய்ந்த பூ. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதிக்கொண்டு எடுங்கள். நான் எழுதாமல் எடுத்தேன். அம்மப்பாவின் நினைவு அட்டை எந்தச் செபத்தில் இருந்தது என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

அடுத்தது பூச்சி. கொழும்பின் ஈரமும் கடற்காற்றும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. மருந்து எதுவும் தெளிக்காதீர்கள். அது முகர்ந்து முத்தமிடும் புத்தகம். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் முழுதும் அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சணம் இருந்தால் நன்றாக உலரவிட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்; தாள் முறுகிவிடும். நிழலும் மின்விசிறியும் போதும்.

மெழுகு சொட்டிய பக்கங்களையும் சிறிது நேரம் குளிரில் வையுங்கள். பிறகு மழுங்கிய கத்தியால் தட்டினால் மெழுகு செதிலாகக் கழன்றுவிடும்.

இனி பசை. இங்கேதான் நான் தவறினேன், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

செலோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் டேப் உதிர்ந்து, அதன் பசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தாளில் ஊறி நிற்கும். பைண்டர் கம்மும் வேண்டாம். காய்ந்தபின் அதைப் பிரித்தெடுக்க முடியாது. நாளை நம்மைவிடக் கைதேர்ந்த ஒருவர் திருத்த வந்தால், நாம் செய்ததை நீரால் நனைத்துக் கழற்ற முடிய வேண்டும். அதற்கு மாப்பசைதான் சரி. கோதுமை மாவைவிடச் சோளமா எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டி குறைவு, வெண்மையும் கூடுதல். ஒரு மேசைக்கரண்டி சோளமாவை ஐந்து கரண்டி குளிர்நீரில் கரைத்து, சிறுதீயில் கைவிடாமல் கிளறுங்கள். பால்வெண்மை போய்க் கண்ணாடிபோல் தெளியும்போது இறக்கி, ஆறவைத்து, துணியில் வடியுங்கள். கெட்டித் தயிர் பதம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் இருக்கும். புளித்த மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டும் மெல்லிய டிசு தாள், வெள்ளை மட்டும். மே மாதத்தில் கொழும்பின் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். மாதாவின் மாதமும் அதுவே என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. டிசு தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் கோடிழுத்து, அந்தக் கோட்டில் மெதுவாகப் பிரியுங்கள். விளிம்பில் நார் நாராக நிற்கும். அந்த நார்தான் கிழிசலைப் பற்றிக்கொள்ளும்.

முதல் முறை நான் பசையை நேரே பக்கத்தில் தடவினேன். தாள் ஈரத்தை உறிஞ்சி நெளிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அடுத்த பக்கத்தோடு ஒட்டியும்விட்டது. பிரித்தபோது "பரலோகத்தினுடைய வாசலே" என்ற வரியில் இரண்டு எழுத்துகள் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டன. பசையை டிசு தாளில்தான் தடவ வேண்டும், மிகக் குறைவாக. தடவியதும் ஒட்டாதீர்கள். அதன் மேல் மினுங்கும் ஈரம் மங்கும்வரை, ஏறக்குறைய ஒரு நிமிடம், பொறுங்கள். பிறகு கிழிசலின் இரு கரைகளையும் எழுத்தோடு எழுத்துச் சேரும்படி பொருத்தி, மேலே டிசுவை இட்டு விரல் நுனியால் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்த் தாளைப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் வைத்துப் புத்தகத்தை மூடி, மேலே இரண்டு கிலோ அரிசிப் பையை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் தொடாதீர்கள். காய்ந்ததும் டிசு ஏறக்குறைய மறைந்துவிடும், எழுத்தைத் தடையின்றி வாசிக்கலாம்.

கழன்ற மடிப்புகளை, அதாவது சேர்த்து மடித்துத் தைத்த தாள்கட்டுகளை, மீண்டும் தைப்பது இதைவிட எளிது. பழைய துளைகளிலேயே ஊசியை விடுங்கள். புதுத் துளை போடாதீர்கள். பருத்தி நூல் நல்லது, நைலோன் தாளை அறுக்கும். நூலை மெழுகில் இழுத்துக்கொண்டால் சிக்காது. பெப்ரவரி 2ஆம் திகதி கோவிலில் மந்திரித்துத் தந்த திரியின் அடிக்கட்டை எங்களிடம் இருந்தது, அதில் இழுத்தேன். எங்கள் புத்தகத்தில் ஒரு மடிப்புக்குப் பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமான தம்பிரான் வணக்கமும் 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கங்களோடுதான் வெளிவந்தது. அதுவும் நம்முடையதைப் போல ஞானோபதேசமும் செபமும் சொல்லித்தரும் புத்தகம். மடியில் ஒரு மடிப்பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது இது நினைவுக்கு வந்து, சற்று நேரம் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசியாக, இல்லாததைச் சேர்ப்பது. புத்தகத்தைச் செப்பனிட்டு அலுமாரியில் பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாலையில் அதை விரித்துச் செபிக்க வேண்டும். பழைய புத்தகத்தில், செபமாலை சொல்லும்போது தியானிக்கும் சந்தோஷ, துக்க, மகிமைத் தேவ இரகசியங்கள் மட்டுமே இருக்கும். வியாழக்கிழமைகளுக்கான ஒளியின் தேவ இரகசியங்களை 2002இல்தான் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சேர்த்தார்: யோர்தானில் ஞானஸ்நானம், கானாவூர்த் திருமணம், இறையாட்சி அறிவிப்பு, உருமாற்றம், நற்கருணை. தேவமாதா பிரார்த்தனையிலும் 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று அழைப்புகளைச் சேர்த்தார்: இரக்கத்தின் மாதா, நம்பிக்கையின் மாதா, குடிபெயர்ந்தோரின் ஆறுதல். மூன்றாவது, "பாவிகளுக்கு அடைக்கலமே" என்பதற்கு அடுத்து வரும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, இங்கே தனியே செபமாலை சொல்லும் தாய்மாரை எங்கள் பங்கில் எனக்குத் தெரியும். அந்த வரி அவர்கள் புத்தகங்களில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இவற்றைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, சீட்டின் உள்ளோரத்தில் மட்டும் மூன்று மில்லிமீற்றர் அகலத்துக்குப் பசை தடவி, முதுகை ஒட்டிப் பொருத்துங்கள். முழுச் சீட்டையும் ஒட்டினால் கீழே உள்ள பக்கம் சுருங்கும்.

புத்தகத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திச் சேலையில் ஒரு பை தைத்தால் போதும்.

பின்சேர்க்கை 1: வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். நீல டிசு தாள்தான் வீட்டில் இருந்ததென்று அதை வைத்து ஒட்டியிருக்கிறார்; பக்கம் முழுதும் நீலம் ஊறிவிட்டது. வெள்ளை மட்டும் என்று நான் எழுதியதன் காரணத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேனா மையால் எழுதிய பெயர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஈரப் பஞ்சு நுனியால் ஒரு புள்ளியை ஒற்றிப் பாருங்கள். மை பஞ்சில் ஏறினால் அந்த இடத்தில் பசை வேண்டாம்.

பின்சேர்க்கை 2: உதிர்ந்த துண்டுகளையும் பொடிந்த குருத்தோலையையும் என்ன செய்வது என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். மந்திரித்தவற்றைக் குப்பையில் போடுவதில்லை. எரிக்க வேண்டும், அல்லது மண்ணில் புதைக்க வேண்டும். எங்களுடையது தொடர்மாடி, நான்காம் மாடி, முற்றம் இல்லை. அம்மா ஒரு தேநீர்த் தட்டில் அவற்றை எரித்து, சாம்பலைப் பல்கனியில் இருக்கும் மல்லிகைச் சாடியில் கலந்தார். மாதா சுரூபத்துக்குப் பூப்பறிப்பது அந்தச் சாடியில்தான்.