அட்டையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதிவிட்டார்களா?

ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலை என் மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டு இழுத்தும் வரவில்லை. "மாசமா இருந்தா கைகால் வீங்கத்தான் செய்யும்" என்றார் அம்மா, நானும் சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் செக்கப்புக்குப் போனால் பிரஷர் 150/100, சிறுநீரில் உப்பு (புரதம்) வேறு. நர்சம்மா கர்ப்பிணி அட்டையில் சிவப்பு மையில் 'ஹை ரிஸ்க்', அதாவது ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம், என்று எழுதினார்.

உங்களுக்கும் எழுதியிருந்தால் முதலில் ஏன் என்று கேளுங்கள். வயது 18க்குக் கீழே அல்லது 35க்கு மேலே, உயரம் 145 செ.மீ.க்குக் குறைவு, இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன், சுகர், தைராய்டு, இதயக் கோளாறு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7 கிராமுக்குக் கீழே, நெகட்டிவ் ரத்த வகை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், கவனிப்பும் அதற்கேற்ப மாறும். முன்பு கரு கலைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

பிரஷர்தான் சத்தமில்லாமல் ஏறும். வீட்டில் பார்ப்பதானால் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். 140/90ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் யோசிக்காமல் கிளம்ப வேண்டும். முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்களுக்கு 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள், அதனால் நாள் தள்ளியதுமே போய்விடுங்கள், ஆனால் கடையில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம்.

சுகருக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்துவிட்டால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும். நெகட்டிவ் ரத்த வகையினர், குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் தடுக்கும் 28ஆம் வாரத்து ஆன்டி-டி ஊசியைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு, அதைத் தவற விடாதீர்கள்.

எங்கே பிரசவம் என்பதை எட்டாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். இரவு இரண்டு மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா, குறைமாதக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? இந்த மூன்றுக்கும் ஆமாம் வராத இடம், எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். குறைமாதத்தில் வலி வருமென்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போடுவார்கள், அதற்கும் நேரம் வேண்டும்.

விடாத தலைவலி, கண் மங்குவது, விலாவுக்குக் கீழே வலி, ரத்தப்போக்கு, பனிக்குடநீர் கசிவது, குழந்தை அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. குழந்தை பிறந்ததும் நான் பிரஷர் மாத்திரையை மறந்தேன், ஐந்தாம் நாள் என் பிரஷர் 170க்குப் போனது. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.