சினாப்ஸை ஒட்டி வரையாதீர்கள்

பிளஸ் ஒன் விலங்கியல் டியூஷனுக்கு எங்கள் தேவகோட்டை வீட்டுப் பட்டாலையில் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். இரண்டு நரம்பு செல்களை வரைந்து, நுனியோடு நுனி முட்டவிட்டு, "இதுதான் சினாப்ஸ்" என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் பல வருடமாக என் வழக்கம். போன வருடம் ஒரு பெண் கேட்டாள்: "ஒட்டிக்கிட்டுத்தானே சார் இருக்கு, அப்புறம் நடுவுல கெமிக்கல் எதுக்கு?" சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது.

ஒட்டாது. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு இருக்கிறது. அடுப்படி ஜன்னல் வழியாக இங்கிருந்து குழம்புக் கிண்ணம் நீளும், அங்கிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். ஆள் தாண்டுவதில்லை, கிண்ணம்தான் தாண்டுகிறது. நரம்பில் ஓடிவரும் மின் துடிப்பும் அப்படித்தான் நுனியோடு நின்றுவிடும். அங்கே சின்னச் சின்னப் பைகளில் இருக்கும் வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டும். எதிர்ப்பக்கம் இருக்கும் ஏற்பிகள்தான் அதை வாங்கும் கைகள்.

இந்தத் தப்பில் எனக்குப் பெரிய துணை உண்டு. இத்தாலிய விஞ்ஞானி கேமில்லோ கோல்ஜி நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே பின்னல் என்றார். நரம்பு செல்களுக்குச் சாயமேற்றிப் பார்க்க அவர் கண்டுபிடித்த முறையை வைத்தே ஸ்பெயின் விஞ்ஞானி ரமோன் இ காஹால், செல்கள் தனித்தனி என்று காட்டினார். 1906இல் இருவருக்கும் ஒரே நோபல் பரிசு. பரிசு வாங்கிய இடத்திலும் கோல்ஜி விட்டுக்கொடுக்கவில்லை. இடைவெளியைக் கண்ணால் பார்க்க 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. வேதிப்பொருள் விஷயத்தை அதற்கு முன்பே, 1921இல், ஓட்டோ லோவி காட்டிவிட்டார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது. (செல்கள் நுண்குழாய்களால் நேரடியாகத் தொடர்புகொள்ளும் மின் சினாப்ஸும் உண்டு. பரீட்சையில் கேட்கிற படம் அதுவல்ல.)

அடுத்த தப்பு, ஒன்றைப் படித்தால் உடனே புதுசாக ஒரு இணைப்பு முளைக்கும் என்று எழுதுவது. முதலில் மாறுவது இருக்கிற இணைப்பின் பலம்தான். 1973இல் பிளிஸ், லோமோ என்ற இரு விஞ்ஞானிகள், முயலின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு நரம்புப் பாதையை அடுத்தடுத்துத் தூண்டினார்கள். அந்தப் பாதையின் பதில் பல மணி நேரம் ஓங்கியே நின்றது. காரணம் என்எம்டிஏ என்ற ஏற்பி. பேங்க் லாக்கர் மாதிரி அதற்கு இரண்டு சாவி. இடைவெளியில் கொட்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டவும் வேண்டும், வாங்கும் செல் ஏற்கெனவே கிளர்ந்திருக்கவும் வேண்டும். அப்போதுதான் ஏற்பியின் வாயை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகும். உள்ளே கால்சியம் புகும், அதன் பின் இன்னும் பல ஏற்பிகள் மேலே வந்து நிற்கும். கிண்ணத்தை வாங்கக் கைகள் கூடுகின்றன.

அது நிலைக்க வேறு வேலை நடக்க வேண்டும். எரிக் காண்டல் (2000 நோபல்) கடல் முயல் எனப்படும் கடல் நத்தையில் இதைப் பிரித்துக் காட்டினார். சிறிது நேர நினைவுக்குப் புதுப் புரதம் வேண்டாம். நாள்கணக்கில் நிற்க மரபணுக்கள் இயங்கிப் புதுப் புரதம் உருவாக வேண்டும், புது இணைப்புகள் முளைப்பதும் அப்போதுதான். ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணம் ஊற்றிப் பூ விழச் செய்வது சில நிமிட வேலை. கல்லைச் சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு இறுக விடுவார்கள். பரீட்சைக்கு முந்திய ராத்திரி முழுக்க விழித்துப் படிக்கிற பிள்ளை, பூவைப் போட்ட கையோடு அதன் மேல் நடக்கிறது.

சினாப்ஸ் கூடக்கூட மூளை கெட்டி என்பதும் தப்பு. மூளைப் புறணியில் பெரியவர்களைவிடக் குழந்தைக்குத்தான் சினாப்ஸ் அதிகம். பயன்படாதவை பதின்பருவம் வரை கழிந்துகொண்டே போகும். மைக்ரோகிளியா என்ற செல்கள் அவற்றை விழுங்குவதும் உண்டு.

எது கழிய வேண்டும் என்பதைப் புழக்கம் தீர்மானிக்கிறது. இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்து வீடுகள் செய்கிற தவறு எனக்குக் கோபம் மூட்டுகிறது: "மாறுகண்ணா? அதிர்ஷ்டம், விடுங்க." ஹூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் மாதங்களில் மூடி வைத்து, பிறகு திறந்தார்கள். கண்ணில் குறையில்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அதற்கான இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. மாறுகண் பிள்ளையின் மூளையும் ஒரு கண்ணை ஒதுக்கத் தொடங்கலாம். கண்ணாடி போட்டும், நல்ல கண்ணை மறைத்து மற்றதற்கு வேலை கொடுத்தும் மருத்துவர் சரிசெய்யப் பார்ப்பார். சிறு வயதில் தொடங்கினால்தான் நல்ல பலன். பள்ளிக்கூடம் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது கண்ணுக்கு ஏறக்குறைய சரி. படிப்புக்குச் சரியில்லை, சினாப்ஸின் பலம் எந்த வயதிலும் மாறும். என் அப்பத்தா எழுபத்தாறு வயதில் சிங்கப்பூர்ப் பேரனுக்கு வீடியோ கால் போடக் கற்றுக்கொண்டார்.

அதற்காகப் பழைய பழக்கம் அழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். புதியது பெரும்பாலும் பழையதை அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். பேரன் முகம் திரையில் தெரியும் வரை அப்பத்தா போனை நேராகப் பிடித்திருப்பார். பேச்சு சூடு பிடித்ததும் போன் காதுக்குப் போய்விடும். அங்கே பேரன் அவர் தோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.