எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கருக்கு ஆம்ப் எடுப்பது எப்படி?

கோயமுத்தூரில் ஆம்ப் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸுங்க?" என்றுதான். வழக்கமான கோன் ஸ்பீக்கருக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் போதும். சார்ஜ் ஏற்றிய மெல்லிய படலம் ஆடிச் சத்தம் கொடுக்கும் எலக்ட்ரோஸ்டேட்டிக் பேனல் வேறு சாதி. அது ஆம்புக்கு ஒரு கெப்பாசிட்டராகத் தெரியும். சுருதி ஏற ஏற அதன் இம்பீடன்ஸ் (கரண்டுக்குக் காட்டும் தடை, ஓமில்) இறங்கிக்கொண்டே போகும்.

மில்லிலும் தறிக்கூடத்திலும் மின்வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பவர் ஃபேக்டர் கெட்டுப்போனால் வாட்ஸ் கம்மியாக இருந்தாலும் ஒயரில் ஆம்பியர் ஏறும் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். பேனலுக்குள் போகும் கரண்டில் பெரும்பங்கு செலவாகாமல் திரும்பி வந்துவிடும். அதனால் வரும் சூட்டை ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர்தான் சுமக்க வேண்டும்.

படி 1: ஸ்பீக்கரின் 20 கிலோஹெர்ட்ஸ் கணக்கு

அட்டையில் போட்டிருக்கும் "6 ஓம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். மார்ட்டின் லோகன் எலக்ட்ரோமோஷன் இஎஸ்எல் மாடலுக்கு 6 ஓம் என்று குறித்திருந்தாலும், காது கேட்கும் உச்சச் சுருதியான 20 கிலோஹெர்ட்ஸில் அது 1.6 ஓம். ஆம்பைச் சோதிப்பது இந்த 1.6தான்.

படி 2: ஆம்பின் 8, 4, 2 ஓம் கணக்கு

8 ஓமில் 100 வாட்ஸ் கொடுப்பது 4 ஓமில் 180-ஐத் தொட்டால் பவர் சப்ளை தெம்பாக இருக்கிறது. 120-லேயே நின்றால் விட்டுவிடுங்கள். 2 ஓமுக்கும் கணக்குக் கொடுத்திருந்தால் நல்லது. பாட்டில் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் சக்தி சொற்பம். அதனால் அங்கே நூற்றுக்கணக்கான வாட்ஸ் தேவையில்லை, ஆம்ப் நிதானம் இழக்காமல் இருந்தால் போதும். இரண்டு சேனலை ஒன்றாக்கி ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜ் வேலையே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் பாதி ஓமைத்தான் பார்க்கும்.

படி 3: அவுட்புட் இம்பீடன்ஸ்

இது ஆம்பின் உள்ளேயே இருக்கும் தடை. ஆம்பின் தாளில் டேம்பிங் ஃபேக்டர் 200 என்று இருந்தால் 8-ஐ 200-ஆல் வகுங்கள்: 0.04 ஓம். கவலையில்லை. 2 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள வால்வு ஆம்பை மேலே சொன்ன 1.6 ஓமில் மாட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபெல் போல இறங்கிவிடும். ஜால்ராவின் மினுமினுப்பு மங்கும். வால்வுதான் வேண்டுமென்றால் இருப்பதிலேயே குறைந்த ஓம் டேப்பில் மாட்டுங்கள்.

விலை மலிவான கிளாஸ்-டி (ஸ்விட்ச்சிங் வகை ஆம்ப்) போர்டுகளில் அவுட்புட் ஃபில்டருக்கு முன்னாலேயே ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலைத் திருப்பிக் கொடுத்துப் பிழை திருத்துவது) எடுத்துவிடுகிறார்கள். பேனலின் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்ததும் ஃபில்டரின் ஒழுங்கு குலைகிறது. ஃபில்டருக்குப் பின்னால் ஃபீட்பேக் எடுக்கும் ஹைபெக்ஸ் என்கோர், பியூரிஃபை வகை கிளாஸ்-டி போர்டுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

படி 4: ஃபேன் கெப்பாசிட்டர் சோதனை

பேனலை மாட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பேனலுக்குப் பதிலாக, எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும் சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர் போதும்: 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். அது 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 ஓம். இரண்டை இணையாகச் சேர்த்தால் 1.6 ஓம். பம்ப் செட்டுக்குப் போடும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரைக் கை தவறியும் எடுக்காதீர்கள். அது 100 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும், ஆம்புக்கு ஷார்ட் மாதிரி.

8 ஓம், 50 வாட்ஸ் ரெசிஸ்டரை ஆம்பில் மாட்டி, அதற்கு இணையாக முதலில் ஒரே ஒரு கெப்பாசிட்டர். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வைத்து, அவுட்புட் 2 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். போனிலிருந்து சதுர அலை கொடுத்தால் அதுவே நெளிந்துதான் வரும், ஏமாந்துவிடுவீர்கள். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலையின் முனை இரண்டு மூன்று தடவை ஆடி அடங்கினால் சரி. அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ கோடு தடித்துத் தெரிந்தாலோ ஆம்ப் ஆசிலேட் ஆகிறது (தானாகவே அலை எழுப்புகிறது), உடனே நிறுத்துங்கள். தேறினால் இரண்டாவது கெப்பாசிட்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

கவனம்: கிளாஸ்-டி போர்டுகள் பலவற்றில் கறுப்பு டெர்மினல் கிரவுண்டு கிடையாது. ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அதில் மாட்டினால் போர்டு போய்விடும்.

ஸ்கோப் இல்லையா? கெப்பாசிட்டரை மாட்டி, சிக்னல் எதுவும் கொடுக்காமல் பத்து நிமிடம் விட்டு, ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். கெப்பாசிட்டர் இல்லாதபோது இருந்ததைவிடச் சூடு ஏறியிருந்தால் அந்த ஆம்ப் வேண்டாம். கையில் இருப்பது அது ஒன்றுதான் என்றால் 0.5 ஓம், 10 வாட்ஸ் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுச் சோதியுங்கள். உச்சியில் அரை டெசிபெல்கூடப் போகாது. 1 ஓம் போட்டால் ஒன்றரை டெசிபெல் போகும்.

படி 5: வோல்ட் வரம்பு

1957-இல் வந்த குவாட் இஎஸ்எல் கைக்கு வந்தால் எச்சரிக்கை: அதன் வரம்பு அலையின் உச்சியில் (பீக்) 33 வோல்ட். 8 ஓம் கணக்கில் 68 வாட்ஸ்தான். 100 வாட்ஸ் ஆம்ப் உச்சியில் 40 வோல்ட் வரை தள்ளும், பேனல் பொத்துவிடும்.

படி 6: மாட்டுவது

2.5 ஸ்கொயர் தாமிர ஒயர், 3 மீட்டருக்குள். இவ்வளவு போதும்.

மாட்டிய பிறகு "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் உடனே ஆம்பைப் பழிக்காதீர்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, பேனலின் பவர் பிளக்கை மட்டும் விட்டு வையுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் பேனலில் கசிவு. பல்லடம், சோமனூர், திருப்பூர் பக்கம் காற்றில் பறக்கும் பஞ்சைச் சார்ஜ் ஏறிய பேனல் தானாக இழுத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் மெல்லிய பிரஷ் முனை போட்ட வேக்குவமால் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டுப் பிறகு ஆம்பைப் பாருங்கள்.