ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்: பிளெண்டரில் புகைப்படப் பலகையை நிறுத்துவது எப்படி?

பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ஒரு வரவேற்பறையை உருவாக்கி, சோபா, மேசை, மின்விசிறி எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகும் ரெண்டர் செய்த படம், அதாவது மென்பொருள் கணக்கிட்டுத் தரும் இறுதிப் படம், உயிரற்றுத் தெரிந்தால், குறை பெரும்பாலும் அறைக்குள் இருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் சாம்பல் நிற வெறுமையில்தான் இருக்கும். எதிர் புளோக்கையும் (அடுக்குமாடிக் கட்டடத்தையும்) அதன் அடியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களையும் முப்பரிமாணத்தில் கட்டியெழுப்புவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் மலையும் அருவியும் தீட்டிய திரையை நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டதைப் போல, ஒரு தட்டையான பலகையில் புகைப்படத்தை ஒட்டி ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிடுவதே தொடக்க நிலையினருக்கு ஏற்ற வழி. இங்கே சொல்லப்படுபவை பிளெண்டரின் 4ஆம் வரிசைப் பதிப்புகளுக்கும் அதனுள் இருக்கும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் பொறிக்கும் உரியவை.

முதல் படி: புகைப்படம் எடுத்தல்

இணையத்தில் கிடைக்கும் படத்தைத் தேடுவதை விட, உங்கள் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னலிலிருந்து நீங்களே எடுப்பது நல்லது. கைப்பேசியை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுங்கள். அப்படி எடுத்தால் கட்டடங்களின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் நிற்கும். அதைவிட முக்கியமாக, தொடுவானம் படத்தின் சரிபாதி உயரத்தில் அமையும். இந்த ஒரு செய்தி பின்னால் பெரிதும் உதவும்.

நேரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ ஒரு மணிக்கு. அப்போது எடுத்த படத்தில் நிழல்கள் சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி விழும். வெயிலும் அறைக்குள் எட்டிப் பார்க்காது. காலை ஒன்பது மணி அல்லது மாலை ஐந்து மணி அளவில் சூரியன் சுமார் 30 பாகை உயரத்தில் இருக்கும் என்பதால், அந்த நேரப் படமே அறைக்குள் சாய்ந்து விழும் வெயிலோடு பொருந்தும். எதிர் வீட்டாரின் முகமோ வாகனத்தின் எண்ணோ தெளிவாக விழுந்திருந்தால், படத்தைப் பயன்படுத்தும் முன்பே அதை மங்கலாக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: பலகையும் அதன் பூச்சும்

மெஷ் பிளேன் (தட்டையான சதுரத் தளம்) ஒன்றைச் சேர்த்து, அதை எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பினால் அது சுவர்போல் எழுந்து நிற்கும். பலகையின் மெட்டீரியலில் (பூச்சில்) தானாக வரும் பிரின்சிபில்டு ஷேடரை நீக்கிவிட்டு, பரப்பைத் தானாக ஒளிரச் செய்யும் எமிஷன் ஷேடரை வைத்து, அதன் நிறத்தில் இமேஜ் டெக்ஸ்சரை இணைத்து உங்கள் புகைப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். எமிஷன் எதற்கு என்றால், புகைப்படத்துக்குள் வெயிலும் நிழலும் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன; சாதாரண ஷேடரில் அதன்மேல் காட்சியின் விளக்கும் ஒருமுறை விழுந்து, படம் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் போகும். புளோக்கின் பக்கச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தால், நீங்கள் பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படி: அளவும் உயரமும்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடி. முதன்முதலில் வரவேற்பறையை ரெண்டர் செய்து அம்மாவிடம் காட்டியபோது, அவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம வீடு எப்போ கீழ்த்தளத்துக்கு வந்துச்சு?” என்று கேட்டார். பலகையின் அடிவிளிம்பை அறையின் தரைமட்டத்தில் நிறுத்தியிருந்தேன். புகைப்படத்தில் எங்கள் கண்ணுக்குக் கீழே கிடந்த பத்து மாடி எதிர் புளோக்கின் கூரை, ரெண்டரில் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு ஏறிவிட்டிருந்தது.

காரணம் எளியது. நாம் எந்த மாடியில் நின்றாலும் தொடுவானம் நம் கண்மட்டத்திலேயே தெரியும். ஆகவே புகைப்படத்தின் தொடுவானம், காட்சியின் கேமரா உயரத்துக்கு வந்தாக வேண்டும். நேராகப் பிடித்து எடுத்த படத்தில் தொடுவானம் நடுவில் இருப்பதால், பலகையின் மையத்தைக் கேமராவின் உயரத்திலேயே வைத்தால் போதும். கேமரா தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், பலகையின் இஸட் மதிப்பும் 1.4. பலகையின் ஏறக்குறைய பாதி, அறையின் தரைக்குக் கீழே இறங்கி நிற்கும். பார்ப்பதற்குப் பிழைபோலத் தோன்றினாலும், அதுதான் சரி.

அகலத்துக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. புகைப்படத்தின் விவரப் பகுதியில், 35 மி.மீ. கேமராவுக்கு இணையான குவியத் தூரம் குறிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியின் முதன்மைக் கேமராவில் பெரும்பாலும் 24 அல்லது 26 என்று இருக்கும். கேமராவிலிருந்து பலகை இருக்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் வருவது பலகையின் அகலம். 20 மீட்டர் தூரத்தில் 26 மி.மீ. படத்தை நிறுத்தினால் அகலம் சுமார் 27.7 மீட்டர்; 4:3 விகிதப் படமானால் உயரம் சுமார் 20.8 மீட்டர். என் முதல் முயற்சியில் இதே பலகையைத் தரைமேல் நிறுத்தியிருந்ததால், தொடுவானம் இருக்க வேண்டிய இடத்தை விட ஒன்பது மீட்டர் மேலே போயிருந்தது. தோராயக் கணக்குத்தான், ஆனால் எதிர் புளோக்கின் ஜன்னல்கள் நம் ஜன்னலோடு ஒப்பிடும்போது இயல்பான அளவில் தெரிய இது போதும். பலகையை 20 மீட்டருக்கும் குறைவாக நெருக்கி வைக்காதீர்கள். கேமரா சற்று நகர்ந்தாலும் பின்னணி வெறும் தட்டைப் படம் என்பது வெளிப்பட்டுவிடும்.

நான்காம் படி: வெயிலை வழிமறிக்காமல் பார்த்துக்கொள்ளுதல்

பலகையை நிறுத்தியதும் அறை திடீரென இருண்டால் கலங்க வேண்டாம். காட்சியில் சூரியனாக நிற்கும் சன் விளக்கின் கதிர்கள் பலகைக்குப் பின்னாலிருந்து வருவதால், அது பெரிய மதில்போல் நிழல் வீசுகிறது. பலகையின் ஆப்ஜெக்ட் பண்புகளில் ரே விசிபிலிட்டி (எந்த வகைக் கதிருக்குப் பலகை தெரிய வேண்டும் என்பது) என்ற பகுதிக்குச் சென்று, ஷேடோ, டிஃப்யூஸ் இரண்டிலும் உள்ள குறிகளை எடுத்துவிடுங்கள். கேமரா, குளோஸி இரண்டும் இருக்கட்டும். குளோஸி இருந்தால்தான் பளபளப்பான தரை ஓடுகளில் வெளிக்காட்சி பிரதிபலிக்கும். ஜன்னலில் கண்ணாடி வைத்திருந்தால் டிரான்ஸ்மிஷனும் இருக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடியின் வழியே பார்க்கும்போது எதிர் புளோக் காணாமல் போய்விடும். என்னைக் கேட்டால், கண்ணாடியையே நீக்கிவிடலாம். திறந்த ஜன்னலும் கம்பியும் நம் வீடுகளில் இயல்புதானே.

அடுத்து, சன் விளக்கின் திசை. புகைப்படத்தை முழுதாகப் பெரிதாக்கி, எதிர் புளோக்கின் அடியில் நிற்கும் மரம் ஒன்றைத் தேடுங்கள். அந்த மரத்தின் நிழல் தரையில் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வாக விழுகிறது என்பதைப் பார்த்தால், வெயில் இடமிருந்து வருகிறதா வலமிருந்து வருகிறதா என்பது உடனே விளங்கிவிடும். காலை ஒன்பது மணிப் படத்துக்கு, நேர் கீழ்நோக்கியிருக்கும் சன் விளக்கைச் சுமார் 60 பாகை சாய்த்து, அதே பக்கத்திலிருந்து வரும்படி திருப்புங்கள். எதிர்ச் சுவரின் முகத்தில் நேரடி வெயில் அடிக்கிறது என்றால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஜன்னல் வழியாகவும் வெயிலைப் பாய்ச்சினால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே ஏதோ உறுத்தும்.

ஐந்தாம் படி: நிறமும் பிரகாசமும்

பிளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (கணக்கிட்ட ஒளியைத் திரைக்கான நிறமாக மாற்றும் அமைப்பு) தானாகவே ஏஜிஎக்ஸ் என்று அமைந்திருக்கிறது. கைப்பேசி ஏற்கெனவே பதப்படுத்திய படத்தை அது இன்னொரு முறை பதப்படுத்துவதால், பச்சை மரங்கள் வெளிறிப்போகும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் புகைப்படம் உள்ளபடி தெரியும். ஆனால் தரையில் விழும் வெயில் திட்டுகள் வெறும் வெள்ளையாகிவிடும். உள்ளறைக் காட்சிகளுக்கு ஏஜிஎக்ஸை அப்படியே விட்டுவிட்டு, எமிஷனின் வலிமையை 1.5 முதல் 3 வரை உயர்த்தி, ஹியூ சேச்சுரேஷன் கணு (நோட்) ஒன்றின் வழியாக நிறச்செறிவை 1.2 அளவுக்குக் கூட்டுவதையே நான் விரும்புகிறேன். வெளியே அறையை விடச் சற்று அதிகப் பிரகாசமாக இருப்பதுதான் கண்ணுக்குப் பழகிய காட்சி.

கேமரா நகரும் காட்சியானால்

ஒரே பலகையில் மரமும் புளோக்கும் சேர்ந்து இருந்தால், கேமரா நகரும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டே நகரும். மரத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பின்புலமற்ற பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, எட்டு மீட்டர் தூரத்தில் இன்னொரு பலகையில் வையுங்கள். இதன் அகலத்தையும் அந்தத் தூரத்துக்கு அதே கணக்கில் சுருக்க வேண்டும். மிக்ஸ் ஷேடரின் மேல் துளையில் டிரான்ஸ்பரன்ட் ஷேடரையும் கீழ்த் துளையில் எமிஷனையும் கொடுத்து, படத்தின் ஆல்ஃபாவை (எங்கே படம், எங்கே வெறுமை என்ற தகவலை) ஃபேக்டரில் இணைத்தால், இலைகளுக்கு இடையே எதிர் புளோக் தெரியும். இப்படி மரப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது இலைகளுக்கு நடுவே கறுப்புத் திட்டுகள் தோன்றினால், ரெண்டர் பண்புகளில் லைட் பாத்ஸ் பகுதியில் டிரான்ஸ்பரன்ட் எண்ணிக்கை 8 என்று இருப்பதை 16 ஆக்குங்கள், கறுப்பு மறைந்துவிடும்.