ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு மாதச் சாப்பாடு

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். கொள்ளளவு 100 முதல் 150 மில்லி. ஸ்டேப்ளர் போட்ட இடம் ஆறும் வரை கட்டி உணவு கூடாது.

முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய சூப். இரண்டாம் வாரம் முடியும் வரை மோர், ஆடை எடுத்த பால், புரதப் பவுடர். மூன்று, நான்காம் வாரங்களில் மிக்ஸியில் அரைத்தது. அடுத்த இரண்டு வாரம் குழைய வெந்தது. அதற்குப் பிறகே வழக்கமான சாப்பாடு. உங்கள் டயட்டீஷியன் தந்த அட்டவணை சற்று மாறியிருந்தால் அதுவே சரி.

மடக் மடக்கென்று குடித்தால் நெஞ்சு அடைக்கும். இருமல் மருந்து பாட்டிலின் 15 மில்லி மூடியால் கால் மணிக்கு இரண்டு மூடி என்று உறிஞ்சுங்கள். காலை முதல் இரவு வரை விடாமல் குடித்தால்தான் ஒன்றரை லிட்டரை எட்ட முடியும்.

நம் வீடுகளில் அதிகம் தவறுவது கஞ்சியில்தான். சுலபமாக இறங்குகிறதே என்று அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்றே கொடுப்பார்கள். தேவையோ நாளுக்கு 60 கிராம் புரதம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. வேளைக்கு நாலு ஸ்பூன் இறங்கும் வயிற்றில் சாப்பாட்டால் மட்டும் அந்தக் கணக்கு தேறாது. பாலிலிருந்து எடுக்கும் இனிப்பில்லாத வே புரதப் பவுடர் ஒரு ஸ்கூப் 20 கிராமுக்கு மேல் தரும்; மோரில் கலந்து இரண்டு வேளை குடிக்கலாம்.

தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர் அல்லது பருப்பு, பிறகு காய், இடமிருந்தால் சாதம். அரை மணி நேரம் மென்று சாப்பிடுங்கள். விக்கலோ நெஞ்சழுத்தமோ வந்தால் அந்த வாயோடு நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி வரை தண்ணீர் வேண்டாம். தோசை, சப்பாத்தி, வறண்ட கோழித்துண்டு சிக்கிக்கொள்ளும். முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் சிக்காது. எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமிபிரைட் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். டோஸைக் குறைப்பது பற்றி டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால், காய்ச்சலோ இடது தோள்வலியோ மூச்சிரைப்போ வந்தால், தையல் கசிவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி இரண்டு, மூன்று நாள் நிற்காவிட்டால் தயமின் (வைட்டமின் பி1) வற்றி மூளையைப் பாதிக்கலாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.